அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்த புழுக்கள்

கிளைட்டெல்லம். இந்த ஒரு சொல்லை என் அம்மாவின் வாயில் ஏற்ற எனக்கு நான்கு நாள் ஆனது. மண்புழுவின் உடம்பில், தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பட்டை கட்டினாற்போல் ஓரிடம் தடித்திருக்குமே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். அம்மா அதை மோதிரம் என்பாள். மோதிரம் போட்ட புழு வயசுக்கு வந்த புழு, இனிமேல் முட்டை வைக்கும் என்பாள். அது நூற்றுக்கு நூறு சரி என்று பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அந்த மோதிரத்தைக் கழற்றி எறியச் சொன்னேன். இதை எழுத உட்காரும்போதே எனக்கு என்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

நான் மூலக்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் ஊர் ஏம்பலத்துக்குப் பக்கம். கல்யாணம் ஆகியும் அதே காலனியில், அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அம்மா முப்பது வருஷம் ஊர்த்தெருக்காரர்களின் நெல்லுக்கும் கரும்புக்கும் குனிந்தவள். முட்டி தேய்ந்து, நடவுக்கு இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்ட சமயத்தில்தான் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு ஏதோ ஒரு திட்டத்தில் மண்புழு உரக் கொட்டகை கிடைத்தது. ஆறு சிமெண்ட் தொட்டி, மேலே தகரம், சுற்றிலும் வலை. திறப்பு விழாவில் குழுவின் பன்னிரண்டு பெண்களும் போட்டோவுக்கு நின்றார்கள். மறுநாளிலிருந்து தொட்டிக்குள் கையை விட்டது என் அம்மா ஒருத்திதான். மற்றவர்களுக்கு நெளிவதைப் பார்த்தாலே குமட்டியது.

குழுவுக்குத் தலைவி ஊர்த்தெருப் பெரிய வீட்டு மருமகள். பி.காம். படித்தவள், என் வயசுதான் இருக்கும். அவளுடைய மாமியார் என் அம்மாவை இன்றைக்கும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். மருமகள் அப்படி இல்லை, அக்கா என்பாள். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஆறு வருஷமாக அந்தத் தொட்டிகளை அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் போனதும் சாக்கை விலக்கி, குனிந்து மோந்து பார்ப்பாள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். அப்புறம் ஒரு பிடி அள்ளிக் கைக்குள் வைத்துப் பிழிவாள். தண்ணீர் சொட்டவும் கூடாது, உள்ளங்கை காய்ந்திருக்கவும் கூடாது. புதுச் சாணியைத் தொட்டியில் போடவே விடமாட்டாள். சூடு ஆறாத சாணியில் புழு வெந்து சாகும் என்பாள். புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏற ஆரம்பித்தால், உள்ளே ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே தேடி, யாரோ கொட்டிவிட்டுப் போன ஊறுகாய் சோற்றையோ புளிச்சக்கையையோ எடுத்து வெளியே எறிவாள், கொட்டினவளையும் நாலு திட்டு திட்டுவாள். எங்கள் தொட்டிகளில் ஒரு கோடையில்கூடப் புழு சாகவில்லை.

போன வருஷம் ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள மற்ற ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்றுநர் வேண்டும், குழுவில் இருக்கிற யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நேரில் கூப்பிட்டுப் பேசித் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. படிப்பு இவ்வளவு வேண்டும், இந்த பாஷை வேண்டும் என்று ஒரு வரியும் கிடையாது.

அம்மா அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"நா போயி கேக்கட்டுமாடி?"

"நீயாம்மா?"

"ஏன், நா ஆளாத் தெரியலயா? ஒரு நாற்காலி போடுவாங்க இல்ல, அதுல உக்காந்துக்கினு சொல்லணும். நா சொல்றத பத்து பொம்பளைங்க கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா எனக்குத் தெரிந்து எதையும் ஆசையென்று வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. முப்பது வருஷமும் அவளுக்குத்தான் மற்றவர்கள் வரப்பில் நின்று சொன்னார்கள். இப்படி நடு, அப்படி அறு, அங்கே விட்டுப்போச்சு பார். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கேட்க ஆள் இல்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் வேலை, அலமாரியிலிருந்து டிக்‌ஷனரியை எடுத்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் புழு சம்பந்தப்பட்ட சொற்களை அன்றைக்குப் பட்டியல் போட்டேன். போடப் போட எனக்கே கோபம் வந்தது. கால் இல்லாமலோ இருந்தும் இல்லாததுபோலவோ நெளிவதெல்லாம் அவர்களுக்கு வேர்ம். பட்டு நூல் நூற்கிறதும் வேர்ம், அது உண்மையில் பூச்சியின் குஞ்சு. ராத்திரியில் மினுக்குகிறதும் வேர்ம், அது வண்டு. மரச்சாமானைத் துளைக்கிறதும் வேர்ம், அதுவும் வண்டின் வேலைதான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர், அவர் மிஷினில் திருகுபோல் சுற்றுகிற இரும்புக்கும் அதே பெயர்தான் என்றார், வேர்ம் கியராம். கம்ப்யூட்டரைக் கெடுப்பதும் வேர்ம். காலில் விழுகிற மனுஷனும் வேர்ம். நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. எங்கள் பக்கம் மண்புழுவையே, வயிற்றில் இருக்கும் புழுவைச் சொல்வதுபோல, நாக்குப்பூச்சி என்பார்கள். ஆனாலும் குருத்தைத் தின்பது வேறு, இலையைச் சுருட்டுவது வேறு, முருங்கையில் மயிரோடு தொங்குவது வேறு, எருக்குழியில் வெள்ளையாகச் சுருண்டு கிடப்பது வேறு என்று அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு கைப்பழக்கமும் அவளிடம் இருந்தன.

இந்தச் சொற்கள் செய்கிற அநியாயம் எனக்குத் தெரியாததும் அல்ல. எங்கள் பள்ளியில் யு.கே.ஜி. குழந்தை ஒன்றுக்குக் கன்னத்தில் படர்தாமரை வந்தது. டாக்டர் சீட்டில் ரிங்வேர்ம் என்று எழுதியிருந்தார். அது புழுவே கிடையாது, ஒரு வகைப் பூஞ்சை, களிம்பு தடவினால் போய்விடும். எங்கள் நிர்வாகி அம்மாள் சீட்டைப் படித்துவிட்டு, வேர்ம் உள்ள பிள்ளையை எப்படி உள்ளே விட்டீர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் கத்தினாள். நான் மட்டும் எதிர்த்துப் பேசினேன். பேசிவிட்டுப் பெரிய நியாயவாதிபோல வீட்டுக்கு வந்தேன். வந்த அதே வாரத்தில்தான் அம்மாவை உட்கார வைத்து எர்த்வேர்ம், கக்கூன், காஸ்டிங்ஸ், வெர்மிவாஷ் என்று பாடம் எடுத்தேன். பள்ளியில் நிர்வாகியிடம் இருந்த அந்தக் கொழுப்பு வீட்டில் என்னிடமும் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தியதும் பாடம். அம்மா தொட்டி வேலை முடித்து, கை கால் கழுவி, பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல் பாயில் உட்காருவாள்.

"முட்டைக்கு என்னம்மா?"

"காக்குன்."

"கக்கூன். வாயத் தொறந்து சொல்லும்மா. புழு போடற எருவுக்கு?"

"காஸ்டிங்ஸு."

"கடைசில 'சு' வேணாம்."

அவள் சிரித்தாள். "ஏண்டி, மண்புழு எருன்னு சொன்னா அவங்களுக்கு வெளங்காதா?"

"வெளங்கும். மதிக்க மாட்டாங்க."

இந்தப் பதிலை நான் எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் தெரியுமா? பதினேழு வருஷம் படித்து, எட்டு வருஷம் பாடம் எடுத்து நான் தெரிந்துகொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைத்தேன். கான்வென்ட் பிள்ளைகள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்ததும், இன்டர்வியூவில் நான் தமிழில் ஒரு வார்த்தை பேசியதும் எதிரில் இருந்தவர் பேனாவை மூடியதும் என் மண்டையில் உட்கார்ந்திருந்தன. அம்மாவுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் செய்தேன். அன்பாகத்தான் செய்தேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இதில் இன்னொன்றும் செய்தேன். நேர்முகத்துக்கு முதல் நாள் அம்மா, "ஈரம் எப்பிடிப் பாப்பேன்னு கேட்டா மோந்து பாப்பேன், கையில புழிஞ்சி பாப்பேன்னு சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"ஐயோ, அது மட்டும் வேணாம்மா. சாணிய மோந்து பாக்குறேன்னு ஆபீசர் முன்னாடி சொல்லுவியா? அசிங்கமா நினைப்பாங்க."

"அப்ப இன்னா சொல்றது?"

இன்டர்நெட்டில் தேடினேன். ஈரத்தை அளக்க ஒரு கருவி இருப்பதாகப் போட்டிருந்தது. "மாய்ஸ்சர் மீட்டர்னு சொல்லும்மா" என்றேன். மாய்ஸ்சர் மீட்டர், மாய்ஸ்சர் மீட்டர் என்று அடுப்பங்கரையில் சொல்லிக்கொண்டே அவள் மீன் கழுவினாள்.

நேர்முகம் சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. நான் அரை நாள் லீவு போட்டு அவளோடு போனேன். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிற என் காட்டன் புடவை ஒன்றை அவளுக்குக் கட்டிவிட்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரியும் ஒரு மேடமும் இருந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரையும் பின்னால் பெஞ்சில் உட்காரச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பேசுவது எல்லாருக்கும் கேட்டது.

அதிகாரி அம்மாவைப் பார்த்ததும், "வாங்கம்மா, உக்காருங்க. நீங்கதானே அந்தக் கொட்டாயப் பாத்துக்கிறது? போன வாட்டி வந்தப்ப பாத்தேன், புழு நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அவர் பேச்சில் விழுப்புரம் பக்கத்து வாடை நன்றாகவே அடித்தது. எங்களைப்போல ஒரு ஆள்தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"சொல்லுங்கம்மா. தொட்டியில ஈரம் சரியா இருக்குதான்னு எப்பிடிப் பாப்பீங்க?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலை இது.

"மாய்ஸ்சர் மீட்டரு" என்றாள்.

அவர் ஆச்சரியமாக, "மீட்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சரி, மீட்டர் இல்லன்னா எப்பிடிப் பாப்பீங்க?"

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று கூப்பிட்ட மாதிரிதான் அந்தக் கேள்வி. அவள் கையை நான் பார்த்தேன். மடியில் இருந்த வலது கை தானாக மூடித் திறந்தது, ஒரு பிடி எருவைப் பிழிகிற மாதிரி. ஆனால் வாய் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தாள். கடைசியில், "டெம்பரேச்சர்" என்றாள். அப்புறம், "கிளைட்டெல்லம்" என்றாள். துளி தப்பில்லாமல் சொன்னாள். மேடம் அதிகாரியைப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் தமிழில்தான். இரண்டுக்கும் அம்மா சொற்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பரவால்லம்மா, போயிட்டு வாங்க" என்று அவர் எழுந்து கும்பிட்டது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்ததாகப் பெரிய வீட்டு மருமகளைக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. அவள் தயங்கவே இல்லை.

"மோந்து பாக்கணும் சார். புளிச்ச வாடை வரக்கூடாது. அப்புறம் ஒரு புடி எடுத்து கையில புழியணும். தண்ணி சொட்டக்கூடாது, கையும் காஞ்சிருக்கக்கூடாது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பேனா ஓடியது. தொட்டிக்குள் ஒரு நாளும் கை விடாதவள், மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வெளியிலிருந்தே கணக்கு நோட்டை வாங்கிப்போகிறவள், என் அம்மாவின் வாக்கியங்களை ஒன்று விடாமல் அங்கே சொன்னாள். எழுந்து போய் அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. எதைச் சொல்லிக் கவிழ்ப்பது? அவள் திருடவில்லை. நான் குப்பையென்று தூக்கிப் போட்டதை அவள் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கிளம்பினேன். ஊர் எல்லை வந்ததும் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"ஏண்டி, அந்த மீட்டரு பாக்க எப்பிடி இருக்கும்?"

எனக்குத் தெரியாது. நானும் அதைப் பார்த்ததில்லை.

பயிற்றுநர் வேலை தலைவிக்குக் கிடைத்தது. ஸ்வீட் டப்பாவோடு எங்கள் தெருவுக்கே வந்தாள். "அக்கா சொல்றத அப்பிடியே சொன்னேங்க, அவ்ளோதான்" என்று என்னிடம் வெள்ளையாகச் சிரித்தாள். அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றாள். நான் டப்பாவைத் தொடவில்லை. அன்று நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். ஊர்த்தெரு, காலனி, பெரிய வீடு, அதிகாரி என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அவங்க இங்கிலீஷ்ல கேட்டாங்களா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.

திட்டியதில் எதையும் நான் வாபஸ் வாங்கவில்லை. பெரிய வீட்டுப் பெண் மோந்து பார்த்தேன் என்றால் அது அனுபவம். காலனிப் பெண் சொன்னால் அது அசிங்கமாகிவிடும் என்று நான் பயந்தேன். அந்தப் பயத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, என் பிறப்பிலிருந்து எனக்கு ஊட்டினார்கள். ஊட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த அதிகாரி என் அம்மாவை உட்காரச் சொல்லி, அவள் பேசட்டும் என்று காத்திருந்தார். அவளைப் பேசவிடாமல் செய்தது நான்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பாகூர் பக்கமிருந்து பதினைந்து பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தலைவி அவர்களைத் தொட்டிகளைச் சுற்றி உட்கார வைத்துப் பேச ஆரம்பித்ததும் அவளுக்குப் போன் வந்தது. அவள் பிள்ளை விளையாட்டில் விழுந்து தாடையில் அடி. "அக்கா, நீங்களே சொல்லிக்குடுங்க, நா வந்துடறேன்" என்று ஓடினாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன்.

அம்மா தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பதினைந்து முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் முகத்தில் வந்த அந்தக் களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பெண் தொட்டிக்குள் கையைக் காட்டி, "யம்மா, இந்த மஞ்சளா கடுகாட்டம் இருக்குதே, இது இன்னா?" என்று கேட்டாள். புழு வைத்த முட்டைதான் அது. அம்மா வாயைத் திறந்தாள். திறந்தபோது அவள் கண்ணில் நான் பட்டேன். வாய் மூடிக்கொண்டது. களை போய்விட்டது. நேர்முகத்தில் பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்து நின்றாள்.

"அது எம்பொண்ணு. டீச்சரு" என்றாள் அவர்களிடம். "அத கேளுங்க, கரெக்டா சொல்லும்."

பதினைந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "சாணி எத்தினி நாளு ஆறணும் டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டிருந்தால் நாள் கணக்கில் சொல்லியிருப்பாள், கையை வைத்துப் பார்த்துச் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சாணிக்குள் இருப்பவற்றின் பெயர்கள். சாப்பாட்டுத் தூக்கைச் சுவரோரம் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அங்கேயே நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வலைக்கு அந்தப்பக்கம் என் நிழல் தெரிகிறதோ என்று பட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி, ரேஷன் கடையைத் தாண்டி வந்த பிறகுதான் அவள் குரல் எழுந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பெண்கள் கொல்லென்று சிரித்தது மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் பயிற்சிக்கு யார் வந்தாலும் அம்மாதான் பேசுகிறாள். பெயர் தலைவிக்கு, பேச்சு அம்மாவுக்கு. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, அம்மாவுக்கு எரியவில்லை. நன்றாகப் பேசுகிறாள், விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிறாள் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். நான் இதுவரை கேட்டதில்லை. நான் வாசலில் வந்து நின்றால் நிறுத்திவிடுகிறாள்.